பச்சைப் பட்டையில் ஒரு வரி

மார்ச் 4
பராகுவாரியிலிருந்து தலைநகர் அசுன்சியோனுக்கு டயாலிசிஸ் நோயாளிகளை ஏற்றிப்போகும் எங்கள் வண்டிக்கு நான் எழுதிய முன்பதிவுத் தளம் வேலை செய்கிறது. ரொம்ப நன்றாகவே! நாளைய வண்டியில் எல்லா இடமும் ஞா எவுலோஹியா என்ற ஒரே பாட்டிக்கே.

போன் செய்தேன். "பொத்தானை அமுக்கினேம்மா. கல்லு மாதிரி நின்னுச்சு, ஒண்ணும் சொல்லல. அதான் திரும்பத் திரும்ப அமுக்கினேன்."

பதிவானால் ஆனது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? எனக்கு ஏன் தோன்றவில்லை?

மார்ச் 5
பக்கத்தின் மேலே பச்சைப் பட்டை. ஒரே ஒரு முறை தோன்றி மறையும். "தங்கள் பதிவு வெற்றிகரமாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதினேன். ஓட்டுநர் டெர்லிஸ், குளிர்ந்த தெரெரே பானத்தை உறிஞ்சிக்கொண்டே படித்தான். "பேசறது யாரு, நம்ம நிமியாவா, வரி ஆபீஸா?"

மாற்றினேன்: "உங்களுக்கு இடம் இருக்கிறது. நல்லபடியாகப் போய் வாங்க."

மார்ச் 7
யாரும் இரண்டு முறை அமுக்கவில்லை. டெர்லிஸுக்குச் சூடாகச் சிப்பா ரொட்டி வாங்கிக் கொடுத்தேன்.

மார்ச் 11
நோயாளி தோன் சிந்துல்ஃபோ காலையில் பையோடு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். வண்டி அவர் வீட்டுக்குப் போகவில்லை. அவர் பெயரே பதிவில் இல்லை. ஆனால் பதிவு செய்யப் போய், தேவாலயத்துப் பொதுக் கணினியைத் திறந்ததுமே "இடம் இருக்கிறது" என்று வந்ததாம். வேலை முடிந்தது என்று எழுந்து வந்துவிட்டார்.

டயாலிசிஸ் தவறினால் அவர் என்ன ஆவார்? உடனே டெர்லிஸுக்குப் போன் செய்தேன்.

டெர்லிஸ் பாதி வழியில் வண்டியைத் திருப்பிப் போய் ஏற்றிக்கொண்டான். "ஆள் நல்லாத்தான் இருக்கார். வழியெல்லாம் உன்னைத்தான் திட்டிட்டு வந்தார்."

மார்ச் 12
கண்டுபிடித்தேன். பதிவு முடிந்ததும் வரும் ஒரு பக்கத்தில் செய்தியைக் காட்டச் சொல்லவே மறந்திருக்கிறேன். முன்னால் வந்தவருக்கான செய்தி அந்தக் கணினியிலேயே காத்திருந்து, அடுத்து உட்கார்ந்த தோன் சிந்துல்ஃபோவிடம் தலைகாட்டியிருக்கிறது. இனி எல்லாப் பக்கத்திலும் பட்டை உண்டு. செய்தியில் பெயரும் நாளும் உண்டு. ஒருவர் முடித்ததும் கணினி அவரை மறந்துவிடும்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "அப்போ அது என்னைக் கூப்பிடலையா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். நானும்.

மார்ச் 19
ஞா எவுலோஹியா போன். பதிவில் குழப்பமோ என்று பயந்தேன்.

"என் பேரைச் சொல்லி, நல்லபடியா போய் வாங்கன்னு சொல்லுது. நான் பதில் சொல்றதுக்குள்ள மறைஞ்சிடுது. இது என்னம்மா மரியாதை?"

சாயங்காலமே மாற்றிவிட்டேன். செய்தி இனி தானாக மறையாது. அடியில் ஒரு பொத்தான்: "சரிம்மா, நன்றி."

மார்ச் 21
நாளைக்கு வண்டி நிறைந்துவிட்டது. ஒருவர் விடாமல் நன்றி சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.