காமாயியை அனுப்புகிறேன்

பள்ளிவாசல்,
ஆவணி, 1958.

கௌலத் அக்காவுக்கும் உமர் அண்ணனுக்கும் அழகுத்தாய் வணக்கத்தோடு எழுதுவது.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவர் என் வீட்டுக்காரர்தான். எஸ்டேட் ஸ்டோருக்குப் புளியும் மிளகாயும் ஏற்றுவதற்காக பாலக்காட்டில் அண்ணன் மண்டிக்கு லாரி கொண்டு வருகிறார். அவரோடு ஒரு பெண் வந்திருப்பாள். பெயர் காமாயி. வட்டவடைக்காரி. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துவிட்டுப் பிறகு இதைப் படியுங்கள் அக்கா.

இங்கே நாங்கள் நல்லபடியாக இருக்கிறோம். குழந்தை சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். மழைதான் இன்னும் விட்டபாடில்லை. கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் காலையில் போர்த்திக்கொண்டு போகிற கம்பளி சாயங்காலம் இரண்டு மடங்கு கனத்தோடு திரும்பி வருகிறது. மாமியாருக்கு முழங்கால் வலி. நீங்கள் போன தடவை கொடுத்தனுப்பிய தைலத்தைப் பாட்டிலைக் கவிழ்த்துவைத்துக் கடைசிச் சொட்டு வரை தேய்த்துவிட்டார். உங்கள் ரம்லா பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள் என்று இவர் வந்து சொன்னார். என் இடுப்பில் ஏறிக்கொண்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்த ரம்லாவா!

கொஞ்ச நாளாக எனக்கு உங்கள் வீட்டு ஞாபகமாகவே இருக்கிறது. மொட்டைமாடியில் மிளகாய் காயப்போட்ட நாட்களில் தெரு முழுக்கத் தும்முவார்களே, அது. நோன்பு மாதத்தில் சாயங்காலம் ஆனதும் கஞ்சிச் சட்டிகள் வீட்டுக்கு வீடு கைமாறிப் போகுமே, அது. பின்கட்டில் நான் படுத்திருந்த அறையில் விளக்கை அணைக்கவேண்டாம் என்று சொல்லக்கூட எனக்கு வாய் வராத காலத்தில், நீங்களாகவே திரியைக் குறைத்து வைத்துவிட்டு, கதவைத் திறந்தே விட்டுப் போவீர்கள். அதெல்லாம் இன்றைக்கு நடந்தமாதிரி வந்து நிற்கிறது.

ஒலவக்கோட்டு ஸ்டேஷனும் அப்படித்தான். என்னை வேறு ஊருக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தவன் தண்ணீர் பிடிக்கப் போன நேரத்தில் ரயிலைவிட்டு இறங்கி ஓடினேன். எங்கே ஓடுவது என்று தெரியவில்லை. வெள்ளைத் துப்பட்டி போர்த்திக்கொண்டு, ரம்லாவைக் கையில் பிடித்தபடி நீங்கள் நின்றிருந்தீர்கள். உங்கள் பின்னால் வந்து ஒளிந்தேன். நீங்கள் யார் என்று கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. துப்பட்டியில் பாதியை எடுத்து என் தலைமேல் போட்டீர்கள். அவன் நம் முன்னாலேயே இரண்டு தடவை தேடிக்கொண்டு நடந்தான்.

பிறகு அவன் விசாரித்து வீட்டுக்கே வந்தானே! என் பெண்டாட்டியை அனுப்புங்கள் என்று வாசலில் நின்று சத்தம் போட்டான். நான் உள்ளே அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக் கனியம்மா மீன் கழுவிய கையோடு வந்துவிட்டார். "ஏனுங்க, உங்க பொண்டாட்டியா? எந்தப் பள்ளியில, எந்தக் கோயில்ல கட்டுனீங்க? சாட்சி யாருங்க?" என்று அவர் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. ஒவ்வொரு வீடாகக் கதவு திறந்தது. அண்ணன் கடையிலிருந்து போலீஸோடு வந்து சேர்வதற்குள் அவனைத் தெருவைவிட்டு அசையவிடாமல் பெண்களே சுற்றி நின்றார்கள். எல்லோரும் என்னைப் பற்றி ஆளுக்கொரு கதை பேசியவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு நின்றார்கள்.

இதையெல்லாம் எழுதக் காரணம் இருக்கிறது.

ஆடி மாதம் எங்கள் லயத்துக்கு ஒரு பெண்பிள்ளை வந்தாள். லயம் என்றால் தெரியும் உங்களுக்கு, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். நல்ல வெளுத்த சேலை, கையில் மிட்டாய்ப் பொட்டலம். பக்கத்து வீட்டு மாடத்தியின் மகள் பேச்சியை வேலைக்குக் கேட்டாள். மாடத்தி புருஷன் மண் சரிந்து போய்ச் சேர்ந்ததிலிருந்து அந்த வீடு தடுமாறிக்கொண்டிருக்கிறது. நான் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். "கோயமுத்தூருல பெரிய ஊடுங்க. மேல்வேலை மட்டுந்தான். தையலும் சொல்லிக் குடுப்பாங்க. தீபாவளிக்கு நானே கூட்டியாந்து உடறேனுங்க" என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

குடம் நிறைந்து வழிந்தது எனக்குத் தெரியவில்லை. சங்கரன்கோவில் பக்கத்தில் எங்கள் ஊரில், என் அம்மாவிடம் சொன்னதும் தையல்தான். தீபாவளிதான்.

மாடத்தியிடம் தனியாகப் போய், அவளைப் பார்த்தால் நல்லவளாகத் தெரியவில்லை, அனுப்பாதே என்றேன். "லாரி டிரைவரு பொண்டாட்டி, ஒனக்கென்ன தெரியும் எங்க கஷ்டம்? எம் மவ நல்லாருந்தா ஒனக்குப் பொறுக்கலையா?" என்று கேட்டுவிட்டாள். ஆபீஸ் கிளார்க்கிடம் சொன்னேன். லயத்துக் குடும்ப விஷயத்தில் எஸ்டேட் தலையிடாது என்றார். இவர் லாரியோடு உடுமலைப்பேட்டை போயிருந்தார். யாரிடமும் யோசனை கேட்க வழியில்லை.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று யாரும் இங்கே அறியமாட்டார்கள் அக்கா. இவருக்கு மட்டும் தெரியும். இவர் என்னைக் கேட்டு வந்தபோது அண்ணன் ஒன்றையும் மறைக்காமல் சொன்னதாகவும், இவர் கொஞ்ச நேரம் லாரி டயரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "அவுகளுக்குச் சம்மதமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றதாகவும் நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். மாமியாருக்கு நான் அண்ணன் மண்டிக் கணக்குப்பிள்ளையின் உறவுப் பெண். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பேச்சி தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு துணிமூட்டையோடு நின்றாள். ஸ்டோர் முன்னால் அரிசி வாங்கப் பெண்கள் கூடியிருந்தார்கள். அந்தப் பெண்பிள்ளை எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தாள். பஸ் வருகிற நேரம். மாமியார் வரிசையில் முன்னால் நிற்கிறார் என்பது தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

"இதே வார்த்தையச் சொல்லித்தான் என்னையும் கூட்டிட்டுப் போனாங்க. நான் போனேன். தையலும் இல்ல, வீட்டு வேலையும் இல்ல. ஒரு வீட்டுல வச்சுப் பூட்டிட்டாங்க" என்றேன். அதற்குப் பிறகு சொன்னதை இங்கே எழுதவேண்டாம், உங்களுக்குத் தெரியும். யாரும் என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்கள். அந்தப் பெண்பிள்ளைதான் சிரித்தாள். ஓடிப்போனவள் எல்லாம் கதை சொல்ல வந்துவிட்டாள் என்றாள்.

அப்போது மாமியார் அரிசிப் பையைக் கீழே வைத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டே அவள் எதிரில் வந்து நின்றார். "ஏட்டி, அந்த வீடு எந்தத் தெருவுல இருக்கு? எம் மவன் லாரியில கோயமுத்தூரு போவான். அவன் பாத்துட்டு வரட்டும். பொறவு புள்ளைய அனுப்புவோம்" என்றார். அவள் கோயமுத்தூரிலேயே ராமநாதபுரம் என்று ஏதோ சொன்னாள். "நேத்து எங்கிட்டச் சிங்காநல்லூருன்னுல்லா சொன்னே?" என்று மாடத்தி கேட்டாள். சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கமாட்டேன். பேச்சியின் கையிலிருந்த துணிமூட்டையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

பஸ் வந்தது. அந்தப் பெண்பிள்ளை அதில் ஏறப்போனாள். ஏறவிடவில்லை. உங்கள் தெருப் பெண்களைப் போலவே இவர்களும் சுற்றி நின்றார்கள். தொழிற்சங்கத்து ஆட்கள் மூணாறு போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அன்று வீட்டுக்கு வந்த மாமியார் என்னோடு பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோற்றைப் போட்டால் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்தார். குழந்தையை மட்டும் மடியைவிட்டு இறக்கவில்லை. இவர் திரும்பி வந்ததும் அம்மாவும் மகனும் வெளியே போய் நெடுநேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று இவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் தலை சீவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து சீப்பை வாங்கிக்கொண்டார். சிக்கெடுத்தபடியே, "ஒங்க அம்மைக்கு நீ இருக்கது தெரியுமாளா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சிக்கெடுத்துப் பின்னி முடித்துவிட்டுத்தான் சீப்பைக் கீழே வைத்தார்.

லயத்தில் எல்லோரும் ஒன்றுபோல் இல்லை. குழாயடியில் என் குடம் பட்ட இடத்தைக் கழுவிவிட்டுத் தங்கள் குடத்தை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு நான் பழகிக்கொள்வேன். ஆனால் இப்போது வெளியாள் யார் வந்து பெண்ணை வேலைக்குக் கேட்டாலும் முதலில் சங்கத்து அறையில் உட்காரவைக்கிறார்கள். லயத்துப் பெண்கள் இருவர் போய் அந்த இடத்தைப் பார்த்து வராமல் யாரையும் அனுப்புவதில்லை என்று பேசி முடிவாகிவிட்டது. இதைத் தொடங்கிவைத்தது மாடத்திதான். எஸ்டேட்டின் கீழ் டிவிஷனுக்கும் வந்து சொல்லு என்று என்னைக் கேட்டார்கள். போனேன். முதல் தடவையைவிட இரண்டாம் தடவைதான் கஷ்டமாக இருந்தது அக்கா. முதல் தடவை யோசிக்க நேரமில்லை. மாமியார் அங்கேயும் கூடவே வந்து, குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

இனிக் காமாயியைப் பற்றி.

பிடிபட்டவள் ஸ்டேஷனில் சொன்னதை வைத்துத்தான் இவள் கிடைத்தாள். சித்திரையில் வட்டவடையிலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிப் போயிருக்கிறாள். கோயமுத்தூரில் ஒரு வீட்டிலிருந்து போலீஸ் காமாயியை மீட்டது. கூடப் போனவளை வேறு எங்கோ அனுப்பிவிட்டார்களாம். அவள் பெயர் அழகம்மா. இடது புருவத்தில் தழும்பு இருக்கும். அண்ணனுக்கு ஊர் ஊராக வியாபாரிகளைத் தெரியும். தயவுசெய்து எல்லோரிடமும் சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.

காமாயியின் அப்பா ஊருக்குள் கூட்டி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா மட்டும் மலையிறங்கி மூணாறுவரை நடந்து வந்து, ஸ்டேஷன் வாசலில் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனாள். லாரியில் இருக்கும் பூண்டு மூட்டை அந்த அம்மா கொடுத்தது. யார் வீட்டில் தன் மகள் சாப்பிடப் போகிறாளோ அவர்களுக்குக் கொடு என்றாள். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

நானே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டேன். கொஞ்ச நாள் எங்களோடுதான் இருந்தாள். ஆனால் பஸ் வரும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்குப் பின்னால் போய்விடுகிறாள். இந்தப் பாதையில் அந்த ஆட்கள் இன்னும் வந்துபோகிறார்கள் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். பாலக்காட்டில் நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போன லேடி டாக்டர் இருக்கிறார். அந்தத் தெரு இருக்கிறது. நீங்கள் இருக்கிறீர்கள். எங்கே அனுப்ப என்று இவர் கேட்டபோது எனக்கு வேறு இடமே தோன்றவில்லை. முன்கூட்டிக் கேட்காமல் அனுப்புகிற உரிமையை நீங்கள்தான் எனக்குக் கொடுத்தீர்கள்.

அவள் பசி என்று சொல்லமாட்டாள். போட்டால் சாப்பிடுவாள். கதவைத் தாழ்போட்டால் மூச்சு முட்டும். யாராவது பின்னாலிருந்து தொட்டால் பயப்படுவாள். அவளை ஒன்றும் கேட்காதீர்கள் என்று எழுத வந்தேன். உங்களுக்கா நான் இதைச் சொல்லித்தரவேண்டும்! ரம்லாவிடம் மட்டும் சொல்லிவையுங்கள். கனியம்மாவுக்கு என் வணக்கம். அவருக்குச் சொல்ல எதுவும் இல்லை, அவருக்கே தெரியும்.

ஆண்டவன் உங்கள் வீட்டு வாசலை எப்போதும் இப்படியே திறந்து வைக்கட்டும்.

ஒன்று கேட்கிறேன் அக்கா. காமாயி முதல் தடவை சிரிக்கிற அன்றைக்கு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் உங்கள் வீட்டில் முதலில் சிரித்தது எப்போது, எதைப் பார்த்து என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. நீங்கள் அதற்காகக் காத்துக்கொண்டே இருந்திருப்பீர்கள், உங்களுக்கு மறந்திருக்காது. அதையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும் தபாலில் போடுவதற்கு முன்னால் அவளுக்கு ஒருமுறை படித்துக்காட்டுங்கள்.

உங்கள் வீட்டிலிருந்து மலையேறி வந்த
அழகுத்தாய்