பிளஷரில் பார்க்காத இடம்

சின்னமனூர்,
ஈசுவர வருஷம், ஆவணி மாதம் 12.

அன்பில் குறையாத தங்கை பிச்சையம்மாளுக்கு, அக்கா மாயக்காள் எழுதிக்கொள்வது.

இங்கே உடம்புக்கு எல்லோரும் சுகம். மனசுக்கு நான் சுகமில்லை. இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரர், தம்பி கர்ணன் மட்டும் உனக்கு வாசித்துக் காட்டட்டும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டாம். இதில் என் வீட்டுக்காரரை, அதுதான் உன் மச்சானை, நான் வைதிருக்கிறேன். அது நம் மூன்று பேரோடு போகட்டும்.

நான் உன் சீமைக்கு வந்துவிட்டுத் திரும்பிவிட்டேன், பிச்சை. அடுத்தவர் வாயால் நீ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஒன்பது நாள் அந்தத் தீவில் இருந்தேன். உன்னைப் பார்க்கவில்லை.

வத்தல் வியாபாரத்தில் உன் மச்சானுக்குக் கூட்டாளியான கொழும்பு முதலாளி ஆடி மாதம் எங்களை விருந்துக்கு அழைத்தார். வாடகைக்கு ஒரு பிளஷர் கார் பிடித்துத் தீவு முழுக்கச் சுற்றிக் காட்டுவதாக எழுதியிருந்தார். எனக்கென்னடி சுற்றிப் பார்க்க ஆசை? என் தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் வருகிறேன் என்றேன். ஆகட்டும் என்று உன் மச்சான் தலையை ஆட்டினார். அதை நம்பித்தான் ஆத்தாவின் அரக்குக்கரைக் கண்டாங்கியைப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கட்டினேன். மாசி மாதம் ஆண்டிபட்டியில் உயிர் பிரியும்போது ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது சின்னவளுக்கு” என்று சொன்ன சேலை அது. இன்னும் நனைக்காமல் வைத்திருக்கிறேன்.

உனக்குச் சாவுச் செய்தி போய்ச் சேர்ந்ததே பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகுதானே. நம் வழக்கம் உனக்குத் தெரியாததா? பெற்றவள் போன பிறகு அக்காளும் தங்கையும் முதன்முதலாகப் பார்த்தால் கட்டிக்கொண்டு அழ வேண்டும். அழாமல் ஒருத்தி வீட்டில் ஒருத்தி கை நனைக்கக்கூடாது. ஆறு மாதமாக அந்த அழுகையை நான் நெஞ்சில் வைத்துக்கொண்டு திரிகிறேன்.

கண்டியில் கோயில் பார்த்தோம். பூந்தோட்டம் பார்த்தோம். ஆற்றில் யானை குளிப்பதை வண்டியை நிறுத்தி அரை நாள் பார்த்தோம். யானைக்கு நேரம் இருந்தது. பிச்சையம்மாள் வீட்டுக்கு எப்போது என்று நான் கேட்டபோதெல்லாம், தேயிலைத் தோட்டத்துக்குள் போகத் துரையிடம் எழுத்தில் உத்தரவு வாங்க வேண்டும், எழுதிப் போட்டிருக்கிறேன், பதில் வரட்டும் என்றார் உன் மச்சான். பிளஷர் ஓட்டிய பையனும் ராமநாதபுரத்துப் பக்கத்தான். அவனிடம் கேட்டேன். “சொந்தக்காரகள பாக்க உத்தரவு எதுக்குக்கா? ஞாயித்துக்கெழம கணக்கப்பிள்ளகிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதுமே” என்றான். உன் மச்சான் யாருக்கும் எதுவும் எழுதவில்லை.

இராத்திரி அவரை விடாமல் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் வாயைத் திறந்தார். “நாலு எடம் பாத்துச் சந்தோசமா இருக்க வந்த எடத்துல ஒப்பாரி வைக்கவா போற? மொதலாளி கூடவே வாராக. என் கொழுந்தியா கொழுந்து கிள்ளுறான்னு அவுக கண்ணுல காட்டச் சொல்றியா?” என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த முதலாளி வீட்டில் காலையும் மாலையும் தேயிலைத் தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும்போது, அதைக் கிள்ளிய கையை நினைத்து இவருக்குக் கூச்சம் வரவில்லையே!

மறுநாள் நுவரெலியாவிலிருந்து அட்டனுக்கு இறங்கும் ரோட்டில் பிளஷர் கொதித்து நின்றுவிட்டது. பையன் தண்ணீர் எடுக்கப் போனான். தலை நிமிர்ந்து பார்க்கிறேன், உன் தோட்டத்துப் பெயர்ப்பலகை. உனக்குக் கடிதம் எழுதி எழுதி அந்தப் பெயரின் எழுத்துகள் எனக்கு மனப்பாடம். மேலே சரிவில் பெண்கள் வரிசையாகக் கொழுந்து கிள்ளுகிறார்கள். எல்லோர் தலையிலும் கம்பளி, எல்லோர் முதுகிலும் கூடை. பதினோரு வருஷம் ஆயிற்றே, எந்த முதுகு உன் முதுகு என்று எனக்கு எப்படித் தெரியும்?

இறங்கி நின்று, “ஏ பிச்சையம்மா!” என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

மூன்று பேர் திரும்பினார்கள்.

எனக்கும் உனக்கும் நடுவில் பிறந்ததெல்லாம் தங்காமல் போக, நீயாவது தங்க வேண்டுமென்று உன்னைத் தவிட்டுக்குக் கொடுத்துப் பிச்சையாகத் திரும்ப வாங்கி ஆத்தா வைத்த பெயர் அது. அப்படி எத்தனை ஆத்தாமார் காப்பாற்றி வைத்த பிள்ளைகளை மழை இல்லாத பூமி கப்பலேற்றியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்று பேரும் கண்ணுக்கு மேல் கை வைத்து என்னைப் பார்த்தார்கள். அதற்குள் கங்காணி ஓர் அதட்டல் போட்டான். மூன்று பேரும் செடிப்பக்கம் திரும்பிவிட்டார்கள். உன் மச்சான், முதலாளி முன்னால் சிரித்துக்கொண்டே, “மூணு பேர் திரும்புறாக. இதுல உனக்கு எந்தத் தங்கச்சி வேணும்?” என்று கேட்டுக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார். சேலையை யாரிடமாவது கொடுத்தனுப்பு என்றும் ஒரு யோசனை சொன்னார். ஆத்தா சேலையைத் தபால் பொட்டலம் மாதிரி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அது என்னோடேயே திரும்பி வந்துவிட்டது.

ஊருக்கு வந்த நாளிலிருந்து உன் மச்சான் வாயில் ஒரே பிளஷர் புராணம். பெரியாற்றுத் தண்ணீர் வந்து நடவு முடிந்து எல்லோரும் ஓய்வாக இருக்கிறார்கள், கேட்க ஆளுக்கா பஞ்சம்? நேற்று பத்துப் பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, “எலங்கையில நான் பாக்காத எடம் ஒண்ணு பாக்கி கெடையாது” என்றார். நான் மோர் கொடுக்கப் போனவள், செம்பைக் கீழே வைத்துவிட்டு, “ஒரு எடம் பாக்கி இருக்கு. என் தங்கச்சி வீடு. வாசல் வரைக்கும் போயிட்டு வந்தாக” என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

அடுத்த தெரு பஞ்சம்மாள் தை மாதம் தன் மகளைப் பார்க்கக் கண்டிக்குப் போகிறாள். நானும் அவளோடு வருகிறேன். பிளஷர் வேண்டாம். ரயிலில் வந்து, கப்பலில் வந்து, மிச்சத்துக்கு நடந்து வருகிறேன். யார் உத்தரவும் எனக்கு வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் எழுது, பிச்சை. அன்றைக்குத் திரும்பிய மூன்று பேரில் நீ இருந்தாயா? சரிகைச் சேலை கட்டி, பிளஷரில் சாய்ந்து நின்றவளை யாரோ முதலாளி வீட்டு அம்மாள் என்று நினைத்துத்தான் திரும்பிக்கொண்டாயா?

தம்பி கர்ணனும் நீயும் நோய் நொடி இல்லாமல் இருக்க வீரபாண்டி மாரியம்மன் துணை நிற்கட்டும். நான் வருகிற வரைக்கும் ஆத்தாவை நினைத்து நீ தனியாக அழுது தீர்த்துவிடாதே. என் பங்கை வைத்திரு.

உன் வாசலுக்கு வந்தும் உள்ளே வராத உன் அக்கா,
மாயக்காள்