வளையலுக்குள் ஒரு மரம்

“சோப்புத் தண்ணிக்குக் கணக்குத் தெரியுமாடி, டீச்சர்?” என்று ஒருநாள் நீ என்னைக் கேட்டாய். சிங்கப்பூரில், ஈசூன் பகுதியில் இருந்த உன் வீட்டுச் சமையலறையில், முழங்கை வரை நுரையோடு நின்றுகொண்டு கேட்டாய்.

இன்று காலை பாத்திரம் கழுவும்போது அந்தக் கேள்வி மறுபடி வந்தது. குழாயில் நான் மாட்டி வைத்திருக்கும் கோணல் வளையல் நழுவி நுரைக்குள் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் அதன் நடுவே மெல்லிய படலம் ஒன்று விரிந்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அதில் பச்சையாக இறங்கி, ஊதாவாக மாறி, நிறமே இல்லாமல் போயிற்று. குழாயை மூட மறந்து நின்றிருந்தேன்.

நாம் இருவரும் பள்ளியில் ஒரே பெஞ்சுக்காரிகள். நான் கணக்கு ஆசிரியையானேன், நீ கட்டடக் கலைஞரானாய். எங்கே போனாலும் எதையாவது உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாய். சாப்பாட்டுக் கடையில் இலை போட்டால் சோறு வரும் முன்பே அதைத் திருப்பிப் பார்ப்பாய். “எவ்ளோ பெருசு, எவ்ளோ மெலிசு! ஒத்தத் தண்டுல எப்படித் தாங்குது பாரு. இத யாருடி டிசைன் பண்ணா?” பரிமாறுகிறவர் சாம்பார் வாளியோடு காத்திருப்பார்.

உங்கள் தேவாலய முற்றத்துக்குக் கூரை வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் எழுந்தது. தமிழ்ப் பூசை முடிந்ததும் குடும்பங்கள் அங்கே நின்று பேசும். மழை வந்தால் பேச்சு பாதியில் நிற்க, ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். முற்றத்தின் நடுவே பெரிய தூங்குமூஞ்சி மரம். குழுத் தலைவர் சேவியர் அண்ணன், “மரத்த எடுக்கப் பெர்மிஷன் கேப்போம். தகரக் கூரை சட்டுனு போட்டுரலாம்லா” என்றார். மரத்தைத் தொடாமல் ஒரு வழி காட்டுகிறேன் என்று நீ அடுத்த கூட்டம் வரை தவணை வாங்கினாய். உன் சிகிச்சை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. இதுதான் உன் கடைசி வேலை என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

“வரும்போது தேக்கா கடைத்தெருவுல மெலிசான கவரிங் வளையல் வாங்கிட்டு வா” என்று போன் செய்தாய். மெலிந்துபோன உன் கைக்கு அளவு பார்த்து வாங்கினேன், கூடவே ஒரு முழம் மல்லிகையும். வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு வளையலை உருவி, எதிரெதிர் இரண்டு பக்கங்களை மேலேயும் மற்ற இரண்டைக் கீழேயும் வளைத்தாய்.

“அடிப்பாவி, புது வளையல்டி!”

“போடறதுக்கா வாங்கச் சொன்னேன்? முக்கறதுக்கு.”

முக்கி எடுத்தாய். வறுத்த உருளைக்கிழங்கு வில்லை வளைந்திருக்குமே, அப்படி ஒரு படலம். வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் நினைவுக்கு வந்தது: போர்வையின் விளிம்பைச் சுற்றி நின்று எல்லாரும் ஒரே அளவு இழுத்தால், துணியில் தொய்வு எங்கும் நிற்காது. சோப்புப் படலம் அந்த இழுப்பைத் தானாகவே செய்துகொள்கிறது. தனக்குக் கிடைத்த விளிம்புக்குள் எவ்வளவு குறைவாகப் பரவ முடியுமோ அவ்வளவுதான் பரவும். அப்போதுதான் கணக்குத் தெரியுமா என்று கேட்டாய்.

“விடை மட்டும் எழுதுது, ஸ்டெப்ஸ் போடல. நான் மார்க் போட மாட்டேன்” என்றேன்.

நீ சிரித்துக்கொண்டே ஒரு பென்சிலை எடுத்தாய். அதுதான் மரம். பென்சில் பட்டதும் படலம் உடைந்தது. நனைத்துக் குத்தினோம். உடையவில்லை, ஆனால் பென்சிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. “இப்படிப் பிடிச்சா மரம் எப்படிடி வளரும்?” என்று வளையலைக் கீழே வைத்தாய். களைப்பில் கண்ணை மூடிக்கொண்டாய். வீடு முழுக்க மல்லிகை வாசம். நான் கிளம்பலாமா என்று யோசித்தேன்.

கண்ணைத் திறந்தபோது உன் பார்வை பூக்கட்டிய நூலின் மிச்சத்தில் இருந்தது. அதை அறுத்து, நுனிகளை முடிந்து நனைத்தாய். வளையலை மறுபடி முக்கி எடுத்து, புதுப் படலத்தின் மேல் அதைப் போட்டாய். நூல் கோணல்மாணலாகக் கிடந்தது. அதற்கு உள்ளே இருந்த படலத்தை மட்டும் காய்ந்த விரலால் தொட்டாய். உள்ளே இருந்தது மறைந்த அதே கணம், நூல் விரிந்து முழு வட்டமாக நின்றது. சுற்றியிருந்த படலம் அசையவே இல்லை. பென்சிலை அந்த வட்டத்துக்குள் நிறுத்தினாய். எதன் மீதும் படவில்லை.



கூட்டத்துக்கு நீ வரைபடம் கொண்டுபோகவில்லை. சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும் வளையலும் நூலும் கொண்டுபோனாய். வளையல்தான் கம்பிச் சட்டம், படலம்தான் கூரைத் துணி, நூல்தான் ஓட்டையின் விளிம்பில் ஓடும் எஃகு வடம் என்று விளக்கினாய்.

“ஓட்டை வழியா மழை வருமே, தங்கச்சி?” என்றார் சேவியர் அண்ணன்.

“வரட்டும்ண்ணே. மழை வந்தா இந்த மரம் இலைய மூடிக்கும், பாத்திருக்கீங்களா? தண்ணி வேருக்குப் போகட்டும்னு வழி விடுது. நம்ம கூரையும் கொஞ்சம் விடட்டுமே.”

பிறகு நூலுக்கு உள்ளே விரல் வைத்தாய். வட்டம் திறந்தது. அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இன்னொரு வாட்டி காட்டும்மா” என்றார். அடுத்த முறை அவரே விரல் வைத்தார்.

வெள்ளைத் துணிக்கூரை ஏறிய அன்று நீ சக்கர நாற்காலியில் அதன் கீழே இருந்தாய். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. “மழை பெஞ்சா எனக்கு வந்து சொல்லு” என்றாய். மழை வருவதற்குள் நீ போய்விட்டாய்.

அதனால் இப்போது சொல்கிறேன். மழை வந்தது. யாரும் ஓடவில்லை. பேச்சு நிற்கவில்லை, குரல்தான் கொஞ்சம் உயர்ந்தது. இலைகள் மூடிக்கொண்டன. தண்ணீர் தண்டோடு வழிந்து, உன் வட்டத்தின் நடுவே இறங்கி வேருக்குப் போனது. துணியில் விழுந்தது தாழ்ந்த இரண்டு மூலைகளுக்கு ஓடி வடிந்தது. சேவியர் அண்ணன் வட்டத்தின் ஓரத்தில் நின்று நனைந்துகொண்டிருந்தார்.

“உள்ள வாங்கண்ணே” என்றேன்.

“இரும்மா, அவ சொன்னது நடக்குதான்னு பாக்கணும்லா.”

நான் அன்றே முழு மார்க் போட்டுவிட்டேன்.

நீ கோணலாக்கிய இந்த வளையலைக் கையில் போட முடியாது. தூக்கிப் போடவும் மனமில்லை. உள்ளே ஒன்று இல்லாமல் போனபின்பும் சுற்றியிருப்பது எப்படி உடையாமல் நிற்கிறது என்று, பாத்திரம் கழுவும் நேரமெல்லாம் அதை நுரையில் முக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று: ஒரு வளையலைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுங்கள். நனைத்த நூல் கண்ணி ஒன்றை அதன் மேல் போட்டு, கண்ணிக்கு உள்ளே மட்டும் காய்ந்த விரலால் தொடுங்கள்.