டாக்டரிடம் கேட்டதாகச் சொன்ன பொய்

நீ வருவதற்குள் கிளம்பிவிடுகிறேன். உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வரவில்லை. முட்டை அவித்து மூடி வைத்திருக்கிறேன், நீயும் மகளும் சாப்பிடுங்கள்.

நான் கீட்டோ டயட் ஆரம்பித்த அன்று, "சுகர் மாத்திரையக் குறைக்கணுமான்னு டாக்டர்கிட்ட கேட்டீங்களா?" என்றாய். "கேட்டாச்சு, நொய் நொய்ன்னு அரிக்காதே" என்று மகள் முன்னாலேயே எரிந்து விழுந்தேன். நான் கேட்கவே இல்லை. சோற்றையும் ரொட்டியையும் அறவே விட்டவன், மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று காலை பஸ் ஓட்டும்போது சுகர் இறங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்தது. எப்படியோ ஓரங்கட்டினேன். முன்சீட்டு அம்மா ஒருவர் என் வாயில் மிட்டாயைப் போட்டுவிட்டு, "உடம்பு முடியலன்னு வீட்ல சொல்லலையாப்பா?" என்றார். பின்னால் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

டிப்போவில் உள்ளதைச் சொல்லி, டாக்டர் சரி என்கிறவரை வண்டியைத் தொட மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். சுகர் மாத்திரைச் சீட்டோடு பிரஷர் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம்தான் போகிறேன்.

மகளிடம் நீ சொல்லாதே. நானே சொல்கிறேன்.

கீழே இடமில்லை, ஓரத்தில் எழுதுகிறேன். ஆறு மணிக்கு என் முறை. முடிந்தால் நீயும் வா. அங்கேயும் எதையாவது மறைத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.