உங்கள் காடு என் பேரில்

என் அப்பாவுக்கு, பாசமும் கொஞ்சம் கோபமும் சேர்த்தே எழுதுகிறேன்.

காலையிலிருந்து நான்கு தடவை உட்கார்ந்து நான்கு தடவை எழுந்துவிட்டேன். அடுப்பில் கிண்டிய களி அடிப்பிடித்துவிட்டது. உங்களுக்குப் படிக்கத் தெரியாது. நீங்கள் உயிரோடு இருந்தபோது எந்தக் காகிதம் வந்தாலும் நான்தான் படித்துக் காட்டுவேன். இப்போது நானே எழுதி, உங்கள் சமாதியில் நின்று நானே படித்துக் காட்ட வேண்டியிருக்கிறது. பக்கத்தில் நிற்பவர்களும் கேட்கட்டும். கேட்டுவிட்டு அவரவர் வீட்டுப் பெட்டியிலிருக்கும் காகிதத்தை ஒரு தடவை எடுத்துப் பார்க்கட்டும்.

விஷயம் இதுதான். நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. கொட்டச்சேட்டில் நீங்கள் கல் பொறுக்கி, சாமை விதைத்து, பிறகு காப்பி வைத்து, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றிவிட்ட மூன்று ஏக்கர் காடு, சர்க்கார் கணக்கில் உங்கள் பேரிலேயே இல்லை. தம்பி பழனி பேரிலும் இல்லை. என் பேரில் இருக்கிறது.

எனக்கே பஸ் கண்டக்டர் சொல்லித்தான் தெரியும். நாகலூரில் வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் இருக்கும் எஸ்டேட் லைன் வீட்டு வாசல் வரைக்கும் வந்தார். "ஏனுங்க்கா, உங்க தம்பி உங்களைக் கையோட வரச் சொன்னாருங்க. என்னமோ பட்டா விசயமாமுங்க" என்றார். பட்டாவைத் தன் பேருக்கு மாற்றித் தரச் சொல்லிப் பழனி வி.ஏ.ஓ.விடம் போயிருக்கிறான். அவர் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, "செல்லம்மாள்ங்கறது யாருப்பா?" என்று கேட்டாராம். இவன் "எங்கக்காங்க" என்றானாம். "அப்ப நீ எதுக்கு வந்தே? அவங்களைக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

நான் போனபோது பழனி வாசலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தான். நான் என்னவோ காட்டை அப்படியே சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்ட மாதிரி என்னைப் பார்த்தான்.

"எப்பக்கா எழுதி வாங்கினே?"

"நான் எதுக்குடா எழுதி வாங்கறேன்? நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது."

அம்மா அதுவரை மூலையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அது நாஞ் சொன்னதுதாங் கண்ணு" என்றாள்.

சங்கிலி பிடித்து நிலம் அளக்க ஆட்கள் வந்த வருடம் நினைவிருக்கிறதா? காப்பிப் பழம் எடுக்கும் நாட்கள். ஊரே எஸ்டேட் கூலிக்குப் போயிருந்தது. நீங்களும் பழனியைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தீர்கள். நான் பள்ளிக்கூடத்தில். அம்மா மட்டும்தான் வீட்டில் இருந்திருக்கிறாள். வந்தவர், "நெலம் ஆரு பேருல? புருசன் பேரு என்ன?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா உங்கள் பேரைச் சொல்ல மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரியாததா? சொன்னால் உங்கள் ஆயுசு குறையும் என்று அவளுக்கு யாரோ சொல்லிவைத்திருந்தார்கள். போதாதென்று உங்களுக்குச் சேர்வராயன் என்று மலைச்சாமி பேரையே வைத்துவிட்டார்கள். அதனால் அம்மாவுக்குச் சாமி பேரும் போயிற்று, மலையின் பேரும் போயிற்று. 'மேல இருக்கற சாமிக்கு நோம்பி' என்றுதான் இத்தனை வருடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ரேஷன் கார்டு எழுத யாராவது வந்தால் என்னை முன்னால் தள்ளி, "நீ சொல்லு கண்ணு" என்பாள். அன்றைக்குத் தள்ளிவிட நான் பக்கத்தில் இல்லை.

வந்தவருக்கு அவசரம். பேர் சொல்லாவிட்டால் தரிசு என்று எழுதிவிட்டுப் போய்விடுவேன் என்று மிரட்டியும் இருக்கிறார். அம்மா பயந்துபோய், "செல்லி காடுன்னு எழுதிக்கோங்க. மலையில ஆரைக் கேட்டாலும் சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே? தலைப்பிள்ளை பேரில்தானே நம் ஊரில் எல்லாம் வழங்குகிறது. செல்லி ஊடு, செல்லி காடு, செல்லி அப்பா. நீங்களே பாதி ஊருக்குச் செல்லி அப்பாதான். அந்த மனுஷன் செல்லம்மாள் என்று திருத்தமாக எழுதிக்கொண்டு அடுத்த காட்டுக்கு நடந்துவிட்டார். தகப்பன் பேர் எழுதவேண்டிய இடத்தைக் காலியாக விட்டுவிட்டார்.

"இத்தன வருசமா ஏம்மா சொல்லலே?" என்று பழனி கத்தினான். "சொல்றதுக்கு என்ன இருக்குது சாமி? எழுதிட்டுப் போனாங்க, அவ்வளவுதான்னு இருந்துட்டேன்" என்றாள் அம்மா.

அப்பா, உங்களை ஒன்று கேட்க வேண்டும். நான் எட்டாவது படிக்கும்போது நீங்கள் நிலவரி கட்டிய கிஸ்து ரசீதைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னீர்கள். அதில் செல்லம்மாள் என்று இருந்தது. "அப்பா, இதுல எம் பேரு போட்டிருக்குதுங்க" என்றேன். நீங்கள் சிரித்துக்கொண்டே, "பின்ன ஆரு பேரு போடுவாங்க? உங்காடுதான கண்ணு" என்று சொல்லி ரசீதை மடித்துத் தகரப்பெட்டியில் வைத்தீர்கள். விளையாட்டுக்குச் சொல்கிறீர்கள் என்று நானும் மறந்துவிட்டேன். இப்போது அந்தச் சிரிப்பு என்னைத் தூங்கவிடாமல் படுத்துகிறது. தெரிந்துதான் சொன்னீர்களா? தெரிந்தும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்களா? அல்லது உங்களுக்கும் அது வெறும் ஊர்ப்பேச்சுதானா?

பழனி அவசரப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. சேலத்திலிருந்து ஒருவர் வந்து காட்டைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். மேல்காட்டில் நின்றால் பள்ளம் முழுக்கத் தெரிகிறதாம், லாட்ஜ் கட்ட நல்ல இடமாம். உங்கள் மகனுக்கு மண்வெட்டி பிடிக்கப் பிடிக்கவில்லை. டவுனில் டூரிஸ்ட் வண்டி ஓட்ட வேண்டும் என்று ஆசை. அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். "நீ ஒரு கையெழுத்துப் போட்டாப் போதுங்க்கா. உன்னைய நான் உட்டுருவனா?" என்றான். விடமாட்டான்தான். பொங்கலுக்குச் சேலை எடுத்துத் தருவான், சீருக்கு முன்னால் வந்து நிற்பான். ஆனால் எனக்கு வேண்டியது அது இல்லையே.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? முதலில் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நன்றாகவே சந்தோஷப்பட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

எங்கள் நிலைமை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் போன பிறகுதான் எஸ்டேட் கைமாறியது. புது முதலாளி லைனை இடித்துவிட்டு விருந்தாளிகளுக்கு அறை கட்டப்போகிறாராம். இந்தப் பழம் எடுப்பு முடிந்ததும் காலி செய்ய வேண்டும் என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார். எட்டு வருடம் இந்த அறையில் இருந்திருக்கிறேன். சுவர் அவர்களுடையது, கூரை அவர்களுடையது, பூட்டு மட்டும் எங்களுடையது. உங்கள் மாப்பிள்ளை ஒரே வார்த்தைதான் சொன்னார். "உம் பேருலதான இருக்குது? நீ ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். சும்மா இருந்தாப் போதும்." கெட்ட மனுஷர் இல்லை அப்பா, அவர். பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவது என்ற பயம்.

சும்மா இருக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. ஒருநாள் கூலிக்குப் போகாமல் ஏற்காடு டவுனுக்குப் போய், ஏரிப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பத்திரம் எழுதுகிறவரைக் கேட்டேன்.

"ஏனுங்கம்மா, பட்டாவுல பேரு இருந்துட்டா மட்டும் சொத்து உங்களுதுன்னு ஆயிருமுங்களா? தப்பா ஏறின பேருன்னு தம்பி மனுக் குடுத்தா விசாரிப்பாங்க. ஆனா நீங்க எங்காடுதான்னு அடிச்சுச் சொன்னா, அவரு கோர்ட்டு கோர்ட்டா நடக்கணுமுங்க."

"அப்ப எனக்குன்னு ஒரு பங்கு கேக்க முடியாதுங்களா? பொண்ணுக்கும் பங்குன்னு சட்டம் வந்திருக்குதுங்கறாங்களே?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க மலைக்காரங்க, பழங்குடி. அந்தச் சட்டம் உங்களுக்குச் செல்லாதுன்னு ஒருத்தரு சொல்றாருங்க. செல்லுமுன்னு இன்னொருத்தரு. அதுலயும் நீங்க கல்யாணமாகிப் போனவங்க. எனக்குச் சொல்லத் தெரியலீங்க."

வரும் வழியெல்லாம் இதே யோசனை. தப்பாக எழுதிய காகிதம் எனக்கு முழுக்காட்டையும் தருகிறது. உண்மையைச் சொன்னால் ஒரு மரத்தடியைக்கூடத் தராது போலிருக்கிறது. கீழ்க்காட்டில் ஊற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பிச் செடிகளுக்கு நான்தானே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன்? அப்போது பழனிக்கு டவுசர் போடத் தெரியாது. அதை எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது, யார் பேரில் எழுதியிருக்கிறது?

பழனி மனுக் கொடுத்துவிட்டான். முந்தாநாள் விசாரணைக்கு ஏற்காட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான், பழனி, அம்மா மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம், ஆனால் மூன்று சீட்டில் உட்கார்ந்துகொண்டு. சேலத்துக்காரர் எங்களுக்கு முன்னாலேயே வந்து அலுவலகத்துக்கு வெளியே காரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார்.

அதிகாரி என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். "பட்டா உங்க பேர்ல இருக்கு. நிலம் உங்களுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தைதான். நாக்கு நுனியில் இருந்தது. லைன் வீட்டு ஓடு கண்முன் வந்தது, பிள்ளைகளின் முகங்கள் வந்தன. பழனி என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கை சட்டை நுனியைப் பிடித்திருந்தது. சின்ன வயதில் என் விரலைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸுக்குப் பயந்து நிற்பானே, அதே கை.

"எங்கப்பா காடுங்க" என்றேன். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

அதிகாரி எழுதிக்கொண்டே, "அப்பா பேரு?" என்றார். பழனி வாயைத் திறந்தான். "நீ சும்மா இருப்பா. இந்தக் குழப்பமெல்லாம் உங்கம்மா சொன்னதால வந்தது. அவங்களே சொல்லட்டும்" என்று அம்மாவை முன்னால் வரச் சொன்னார்.

அம்மா வழக்கம்போல என் முதுகில் கை வைத்தாள், தள்ளுவதற்கு. நானும் பழக்கத்தில் வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் அவள் கையை எடுத்துக்கொண்டாள். முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"சேர்வராயன்" என்றாள்.

அவ்வளவு தெளிவாக, அப்பா. கூட விளையாடினவரைக் கூப்பிடுவது மாதிரி. பழனி காலண்டரை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா நிறுத்தவில்லை. "சேர்வராயன் காடுங்க. அவருக்கு ரெண்டு புள்ளைங்க. மூத்தவ செல்லம்மா, எளையவன் பழனி. நான் அவரு பொண்டாட்டி. மூணு பேரையும் எழுதிக்கோங்க. எங்க ஊரு வழக்கம் என்னன்னு கேக்காதீங்க, போன தடவை வழக்கத்தைப் பாத்துத்தான் இப்படி ஆயிப்போச்சு" என்றாள்.

அதிகாரி சிரித்துவிட்டார். மூன்று பேரையும் எழுதி, மூன்று பேரிடமும் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். உத்தரவு வர நாளாகுமாம். வந்தால் கூட்டுப்பட்டாவாக வருமாம். மூன்று பேரும் ஒப்பாமல் ஒரு அடி மண்ணைக்கூட விற்க முடியாதாம். வேறு அதிகாரி வந்து மாற்றி எழுதமாட்டாரா, பழனி வக்கீலைப் பிடிக்கமாட்டானா என்றெல்லாம் எனக்கு இன்னமும் திக்திக்கென்றுதான் இருக்கிறது. சேலத்துக்காரர் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பழனி எங்களோடு பஸ் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போனான்.

திரும்பும் பஸ்ஸில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். வளைவில் மேலே சேர்வராயன் கோயில் மலை தெரிந்ததும் சன்னலோரம் நகர்ந்து பார்த்தாள். "உசுரோட இருக்கறப்ப ஒரு தடவ சொல்லியிருந்தா இந்த அவதியே இல்ல. இன்னைக்குச் சொல்லிப்புட்டனே, கோவிச்சுக்குவாரா கண்ணு?" என்று கேட்டாள். கோவிச்சுக்க மாட்டாருங்கம்மா என்று உங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டேன். சரிதானே?

அப்பா, பழனி பங்கில் ஒரு பிடி மண்ணும் எனக்கு வேண்டாம். விற்பதா வைத்திருப்பதா, அதை அவன் தன் பங்குக்கு யோசித்துக்கொள்ளட்டும். ஆனால் என் பங்கை யார் கேட்டாலும், அக்கா என்று அவன் அழுதே கேட்டாலும், விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட மாட்டேன். பழம் எடுப்பு முடிந்ததும் ஊற்றுக்குப் பக்கத்தில் ஓர் அறை கட்டிக்கொண்டு வந்துவிடுவேன். பழனிக்கும் அதில் எப்போதும் ஒரு தட்டுச் சோறு உண்டு. இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அன்றைக்கு அந்த மனுஷன் காலியாக விட்டுப்போன இடத்தையும் சேர்த்து நிரப்பி, இதோ கையெழுத்துப் போடுகிறேன்:

சேர்வராயன் மகள் செல்லம்மாள்