எரித்தது புல்லைத்தான், ஹோம்நாத்தை அல்ல

அனுப்புநர்:
சிந்தாமணி பௌடேல், வயது 76
(ஐந்தாம் வகுப்பு, அதிலும் முதல் மாணவன்),
சிமல்சௌர் கிராமம், நேபாளம்.

பெறுநர்:
விசாரணை அதிகாரி அவர்கள்,
போர்க்காலத்தில் காணாமல் ஆக்கப்பட்டோர் பிரிவு,
மாவட்டத் தலைநகர்.

பொருள்: என் அக்கா மகன் ஹோம்நாத் ரேக்மியின் கோப்பை "இறந்தவர்" என்று மூடியதை ரத்து செய்யவும், பழைய ராணுவ முகாமின் சரிவில் பேருந்து நிலைய வேலை தொடங்குமுன் தோண்டிப் பார்க்கவும் கோருதல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு,

1. நான் யாரென்று இந்த மலைப்பக்கத்தில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். நான் எழுதிய மனுவைப் படித்துவிட்டு அந்தக் காலத்து மாவட்ட அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றிருக்கிறார். அப்படிப்பட்டவன் இன்று தங்கள் காலடியில் விழாத குறையாக இதை எழுதுகிறேன்.

2. மேற்படி ஹோம்நாத் எங்கள் ஓடையில் சின்னச் சக்கரம் வைத்து மின்சாரம் எடுத்து, ஊராருக்கு பேட்டரி சார்ஜ் செய்து கொடுத்து வந்தான். சுற்றுவட்டாரத்து ரேடியோ அத்தனையும் அவன் கைபட்டுத்தான் பாடின. காத்மாண்டு என்ஜினியர்கள் ஒன்பது பேர் வந்து பார்த்து வாயடைத்துப் போனார்கள். மாவோயிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரநிலைக் காலத்தில் ஒரு மத்தியானம் ராணுவத்தினர் வந்து, "காட்டுக்குள்ள இருக்கவனுங்களுக்கு பேட்டரி போட்டுக் குடுக்கறது நீதானாடா?" என்று கேட்டார்கள். "யாரோட பேட்டரின்னு அது எங்கிட்ட சொல்றதில்லீங்க சார்" என்றான் இவன். அவனுக்கு எப்போதும் வாய் அதிகம், என்னைப்போல. துப்பாக்கிக் கட்டையால் அடித்து, கையைக் கட்டி இழுத்துப் போனார்கள். "விசாரிச்சிட்டு சாயங்காலம் அனுப்பிடறோம்" என்று அவன் மனைவியிடம் சொன்னார்கள். அந்தச் சாயங்காலம் இருபது வருடத்துக்கு மேலாகியும் வரவில்லை.

3. மறுநாளே முகாமுக்குப் போனேன். ஐந்நூறு துப்பாக்கிகளுக்கு நடுவில் நெஞ்சை நிமிர்த்தி, "எங்கே என் மருமகன்?" என்று கேட்டேன். வாசலில் நின்ற சிப்பாய், "அப்படி யாரும் இங்க வரலியே பெரியவரே, வீட்டுக்குப் போங்க" என்றார். சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

4. அதே முகாமில் அடைபட்டுப் பிறகு விடுதலையான கர்ண சார்கி என்பவர் இன்றும் உயிரோடு இருக்கிறார். முகாமுக்குப் பின்னால், அக்ரூட் மரத்தின் கீழ்ச் சரிவில், அவரையும் ஹோம்நாத்தையும் குழி வெட்டச் சொன்னார்களாம். அப்போது ஹோம்நாத், "மெதுவா வெட்டுடா கர்ணா, இந்த வேலை முடிஞ்சா நம்ம வேலையும் முடிஞ்சிரும்" என்றானாம். மறுநாள் கர்ணனை மட்டும் வெளியே விட்டார்கள். தங்கள் முன்னிலையில் அந்த மரத்தைக் காட்ட அவர் தயாராக இருக்கிறார்.

5. கோப்பை மூடக் காரணம் காட்டப்பட்ட தர்ப்பை விஷயத்துக்கு வருகிறேன். ஹோம்நாத்தின் மகள் அனுஜாவுக்கு வரன் வந்தபோது மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணோட அப்பா இருக்காரா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. நடுவுல நின்னா கன்னிகாதானம் யாரு பண்றது?" என்று கேட்டார்கள். பன்னிரண்டு வருடம் தகவல் இல்லாதவருக்குத் தர்ப்பைப் புல்லால் உருவம் செய்து எரிப்பது எங்கள் வழக்கம். பெண்ணின் வாழ்வுக்காக அதைச் செய்தோம். ஆற்றங்கரையில் அந்த உருவத்தைப் பார்த்த என் அக்கா ரிஷிமாயா, "என் மகன் இவ்வளவு ஒல்லியாவா இருந்தான்? இன்னும் ரெண்டு பிடி புல்லு வையுங்கடா" என்றார். வைத்தோம்.

6. உருவத்தை எரித்த பின் ஆள் திரும்பி வந்தால், புதிதாய்ப் பிறந்தவனாகக் கருதி மறுபடி பெயர் சூட்டி, பூணூல் போட்டு, கட்டிய மனைவியையே மீண்டும் கட்டிவைக்க வேண்டும். அந்தச் சடங்குகளை முன்நின்று நடத்தித் தருவதாகப் புரோகிதரிடம் அன்றே ஆற்றங்கரையில் வாக்கு வாங்கிக்கொண்டேன். நாற்பது கிராமத்துக்குச் சாப்பாடு போடுவேன் என்றும் அறிவித்திருக்கிறேன். செத்துவிட்டான் என்று ஒப்புக்கொண்டவர்கள் இப்படிச் செய்வார்களா ஐயா?

7. ஆனால் தங்கள் அலுவலக எழுத்தர், "நீங்களே கொள்ளி வெச்சிட்டு, இப்ப ஆளைக் காணோம்னா எப்படி தாத்தா? பைலை முடிச்சாச்சு. டீ சாப்பிட்டுக் கிளம்புங்க" என்கிறார். நான் டீ குடிக்கவில்லை. நாங்கள் கொள்ளி வைத்தது புல்லுக்கு. ஹோம்நாத்தைக் கொண்டுபோனவர் யார், என்ன செய்தார், எங்கே வைத்தார் என்ற கேள்விகளை எந்த ஆற்றங்கரையிலும் நாங்கள் எரிக்கவில்லை.

8. கோப்பு மூடப்பட்டதால் அந்தச் சரிவில் ஆட்சேபனை எதுவும் இல்லையென்று பேருந்து நிலையத்துக்கு அனுமதி தரப்பட்டுவிட்டது. மண் அள்ளும் இயந்திரம் மேலே வந்து நிற்கிறது. தீபாவளி முடிந்ததும் வேலை தொடங்குமாம். ஓட்டுநரிடம் கெஞ்சினேன். "வேலையை நிறுத்தச் சொல்லி எனக்கு மேல இருந்து ஆர்டர் வந்தா ஒரு நிமிஷம் இங்க நிக்க மாட்டேன் பெரியவரே" என்றார். அவர்மேல் குற்றமில்லை. அந்த மண்ணை அள்ளி ஆற்றில் கொட்டிவிட்டால் பிறகு யாரிடம் போய் மனு கொடுப்பது?

9. ஆகவே கோப்பை மீண்டும் திறந்து, அந்த வேலையை நிறுத்தி, குடும்பத்தார் முன்னிலையில் அச்சரிவை முறைப்படி தோண்ட உத்தரவிடுமாறு மன்றாடுகிறேன். அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் வேறிடத்தில் தேடுங்கள். இருந்தால், ஒரேயொரு வேண்டுகோள். எங்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் மருமகனின் காலைத் தொட்டுக் கும்பிட வேண்டும். தசைன் பண்டிகைதோறும் அவன் கூச்சப்பட்டுக் காலை இழுத்துக்கொள்வான், நான் விடமாட்டேன். தோண்டும்போது கால் பக்கமாக நிற்க எனக்கு அனுமதி தர வேண்டும்.

இடம்: சிமல்சௌர்
நாள்: விக்ரம சம்வத் 2081, கார்த்திக் 3 (அக்டோபர் 19, 2024)

இப்படிக்கு,
சிந்தாமணி பௌடேல் (தாய்மாமன்)

இடது பெருவிரல் ரேகை:
ரிஷிமாயா ரேக்மி (தாய்)