சோழகத்தைச் சேர்க்காத கணக்கு

ஞாயிறு, இரவு.

இன்று தங்கையை அடித்துவிட்டேன்.

ஆசிரியர் பட்டப்படிப்புக்கு வங்கியில் கடன் எடுக்கிறாள். பிணைக் கையெழுத்து நான்தான் போட வேண்டும்.

"டீச்சர்ட சம்பளத்துல கடனக் கட்டினா மிச்சம் என்ன? கடல்ல கணவாய் மீன் படுற மாசம் நான் அதப்போல ரெண்டு மடங்கு உழைக்கிறன்" என்றேன்.

"சோழகக் காத்துக்குத் தோணி கரையில கிடக்கிற மாசங்களையும் சேத்துப் பாருங்க நானா. டீச்சருக்கு அப்பவும் சம்பளம் வரும்" என்றாள் அண்ணனான என்னிடம்.

சரியாகத்தான் சொன்னாள். அதனால்தான் அறைந்தேன். உதடு கிழிந்து, முன்னால் விரித்திருந்த கடன் படிவத்தில் ரத்தம் சொட்டியது. உம்மா அகப்பையால் என்னை விளாசினார். நான் உட்கார்ந்திருந்த கதிரையைச் சுவரில் அடித்து உடைத்தேன்.

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவளுடைய ரத்தம் காய்ந்திருக்கிறது. வேறு படிவம் கேட்டால் வங்கியில் ஏன் என்பார்கள். அதன்மேலேயே போட்டுப் பார்த்தேன். பேனா எழுதவில்லை.